பாசிச் சாறு போன வழியே நிலக்கோட்டைக்கு

மண்டபம் கடலில் பவளப்பாறைகள் மேல் படர்ந்த பாசியைக் கையால் பிய்த்துச் சாக்கில் அடைப்பது, பவளத்தைக் காக்கும் குழு ஒன்றில் என் வேலை. அது நம் கடலின் பாசி இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வளர்ப்புக்காக வந்தது. என் அண்ணன் மரியதாஸ் மூங்கில் மிதவைகளில் வளர்ப்பதும் அதைத்தான். அண்ணன் வளர்க்கிறான், தங்கை பிடுங்குகிறாள் என்று தெருவில் கேலி உண்டு. அந்தப் பாசியைப் பிழிந்த சாறு திண்டுக்கல் பக்கம் மல்லிகைக்குப் போகிறது என்றார்கள். அங்கே அது என்னதான் செய்கிறது? போன பங்குனியில் வேலை இல்லாத ஒரு வாரம் கிடைத்தது. கிளம்பிவிட்டேன்.

காலை 5.10க்கு மண்டபத்தில் பஸ். மதுரை 155 கிலோமீட்டர், 9.20க்கு மாட்டுத்தாவணி. திண்டுக்கல் பஸ் ஆரப்பாளையத்தில்தான் நிற்கும். இது தெரியாமல் முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தேன். திண்டுக்கல் சேரும்போது மணி பன்னிரண்டு.

பஸ் நிலையம் அருகே ஓர் உரக்கடை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார பாய் பச்சை கேன் ஒன்றை எடுத்துக் காட்டினார். "மல்லிக்காரங்கதாம்மா இத வாங்குறது. செத்த நேரம் உக்காருங்க, நிலக்கோட்டை செல்லப்பாண்டிக்குப் போன் போடுறேன்."

நிலக்கோட்டைக்கு ஒரு மணி நேரப் பயணம், இருபத்தெட்டு ரூபாய். செல்லப்பாண்டி பைக்கோடு காத்திருந்தார். நாலு கிலோமீட்டர் தள்ளி ஒன்றரை ஏக்கர் மல்லிகை. "இந்த நாத்தே உங்க ஊருக்குப் பக்கத்துத் தங்கச்சிமடத்துல இருந்து வந்ததுதான்" என்று சிரித்தார்.

வெயில் தாழ்ந்ததும் டேங்கில் தண்ணீரோடு சாற்றைக் கலந்து தெளித்தார். எனக்குத் தெரிந்த அதே கடல் வாடை, ஒரு மல்லிகைத் தோட்டத்துக்குள்! "இத அடிச்சப்பறம் அரும்பு நல்லாப் பிடிக்குது தங்கச்சி" என்றார்.

பாசி மூடிய பாறையைக் கடலடியில் எடுத்த வீடியோவைப் போனில் காட்டினேன்.

"இம்புட்டும் பாசியா?"

"ஆமாண்ணே. அடியில இருக்குறது பவளம். வெளிச்சம் இல்லாம வெளுத்துச் சாகுது. மிதவையில இருந்து விரல் நீளத் துண்டு உடைஞ்சு வந்து ஒட்டுனாப் போதும், படர்ந்துரும்."

ஸ்பிரேயரை இறக்கி வைத்தார். "அப்ப நான் வாங்குறத நிறுத்தணுமா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பாசியால்தான். "தெரியலண்ணே" என்றேன்.

தோட்டத்தின் மேற்கு மூலைக்குக் கூட்டிப் போனார். "இங்க பூரா சீமைக்கருவேலம். மெஷின் வச்சு வேரோட தோண்டுனேன், முடிஞ்சதுன்னு இருந்தேன். ஒரு மழை பெஞ்சுச்சு, பூரா மொளைச்சு நிக்குது. இப்ப ஒவ்வொரு மழைக்கும் பின்னாடி ஒரு சுத்து வாரேன். சின்னதா இருக்கையில கையோட வந்துரும். விட்டா மெஷினுதான்."

"எப்பண்ணே முடியும்?"

"முடியாது. சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

நாங்கள் கடலில் செய்வதை நினைத்துப் பார்த்தேன். ஒரு பாறையைச் சுத்தம் செய்வோம், போட்டோ எடுப்போம், அடுத்த பாறைக்குப் போவோம். பல மாதம் கழித்துத் திரும்பினால் பாய் விரித்ததுபோல் கிடக்கும். இடையில் போய்ப் பார்க்க எங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

ஊர் திரும்பி, மிதவையிலிருந்து உடையும் துண்டுகளைப் பற்றி அண்ணனிடம் சொன்னதும், "எம் பொழப்பக் கெடுக்கத்தான் அம்புட்டுத் தூரம் போனியா?" என்று கத்தினார். மூன்றாம் நாள் அவரே வந்து, பெருங்காற்று அடித்தால் மிதவையைச் சுற்றி உடைந்ததை வலை போட்டு அள்ளுவதாகச் சொன்னார். நான் கேட்டதும், எங்கள் குழுவின் மேற்பார்வையாளரும் சுத்தம் செய்த பாறைகளை அடிக்கடி போய்ப் பார்க்க அனுமதி வாங்கித் தந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பங்குனி, சித்திரையில் போனால் பூ நிறைய இருக்கும். நிலக்கோட்டைப் பூச்சந்தையைப் பார்க்க வேண்டுமானால் முந்தின நாளே திண்டுக்கல்லில் தங்கிக் காலையிலேயே போய்விடுங்கள். என்னைப்போல் மத்தியானம் போனால் காலிக் கூடைதான். தோட்டத்துக்குள் கேட்காமல் கால் வைக்காதீர்கள். செடிக்கு என்ன அடிக்கிறீர்கள் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

செல்லப்பாண்டி இன்னும் அந்தச் சாற்றை வாங்குகிறார். நான் தடுக்கவில்லை. போன வாரக் காற்றுக்குப் பிறகு, சுத்தம் செய்த பாறை ஒன்றில் இறங்கினேன். மூன்று இடத்தில் கட்டைவிரல் அளவு பாசி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் வந்தது. அடியில் பவளம் கொஞ்சம் வெளுத்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது.