தலை சாய்த்த செவலை

"தலைய ஆட்டாதீங்கம்மா, கண்ண மட்டும் மேல தூக்குங்க" என்று போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்ட பெண் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழியிடம் போய்ச் சொல்லிப் பார், நடக்காது என்று வாய் வரைக்கும் வந்தது. சொட்டு மருந்தின் எரிச்சலில் கண்ணீரும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தவளை அவள் என்ன நினைத்தாளோ.

எழுபதுகளில் உடும்பஞ்சோலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தேன். உலர்ந்த காயைத் தரம் பிரிக்கும் வேலை. அந்த வாசனை தலைமுடியை விட்டுப் போகவே போகாது. லயத்தில், அதாவது ஒட்டுச்சுவர் வரிசை வீடுகளில், எனக்குப் பக்கத்து வீடு பேச்சியக்கா. போடிப் பக்கத்துக்காரி. அவளுடைய செவலைக் கோழி அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செவலை முற்றத்தில் கழுத்தைக் கோணிக்கொண்டு நின்றது. சீக்கு வந்த கோழிக்குக் கழுத்து இப்படித்தான் திருகிக்கொள்ளும். கீழ் லயத்தில் அந்த வாரம்தான் கோழிகள் வரிசையாக மடிந்திருந்தன. சந்தேகம் வந்தால் அன்றைக்கே அறுத்துக் குழம்பு வைத்துவிடுவது எங்கள் வழக்கம். செத்த பிறகு தின்ன முடியாது, பாருங்கள்.

"மசாலா அரச்சு வையி புள்ள, நா அருவாமணைய எடுத்தாரேன்" என்று பேச்சியக்கா உள்ளே போனாள். குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று தாயின் காலைச் சுற்றின. அது போனால் மலைக்குளிரில் ஒன்றும் தேறாது. எனக்கு அம்மியில் கை ஓடவில்லை.

எழுந்து போய்க் கோழியைத் தூக்கி வீட்டுக்குள் விட்டேன். கழுத்து நேராகிவிட்டது! வெளியே விட்டேன், மறுபடி கோணல். சீக்குக்குக் கூரை எது, வானம் எது என்று தெரியுமா? நானும் அதைப் போலவே தலையைச் சாய்த்து மேலே பார்த்தேன். மிளகளவு ஒரு புள்ளி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, பருந்து!"

அவ்வளவுதான். லயமே வெளியே வந்து தட்டைத் தட்டி ஊய் ஊய் என்று கத்தியது. செவலை ஒரு குரல் கொடுக்க, குஞ்சுகள் அதன் சிறகுக்குள் பாய்ந்தன. கூரை உயரத்துக்கு இறங்கிய பருந்து வெறுங்காலோடு திரும்பியது. பேச்சியக்கா அரிவாள்மணையோடு வாசலில் நின்றாள்.

"அடிப் பாவி, இதயா பாத்துக்கிட்டு நின்ன?" என்று கோழியைத்தான் கேட்டாள். பாதி அரைத்த மசாலாவில் கத்திரிக்காய் வெந்தது.

கோழிக்கண் குழிக்குள் பதிந்து கிடக்கிறது. நம்மைப் போல் உருட்டி விழிக்க அதற்கு வராது. மேலே பார்க்கத் தலையையே சாய்க்க வேண்டும். ஒரு கண் வானத்தில் இருக்கும்போது மறு கண் தரையில் குஞ்சைப் பார்க்கும். என்ன அதிசயம் அது! அப்புறம் எனக்குப் பறவைக்கண் பைத்தியமே பிடித்துவிட்டது. தூங்கும் கோழிக்குக் கீழிமை மேலேறி வருவதையும், மெல்லிய சவ்வு ஒன்று விழியின் குறுக்கே வழுக்கி ஓடுவதையும் பார்த்துப் பார்த்து, நானும் தலை சாய்த்தே திரிந்தேன். சீக்கு எனக்கு ஒட்டிக்கொண்டதென்று பேச்சியக்கா ஊரெல்லாம் சொன்னாள்.

இன்று அந்த லயம் இல்லை, அங்கே சுற்றுலா விடுதி நிற்கிறது. பேச்சியக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கோழிகள் தகரக் கொட்டகையில் வளர்கின்றன. தலை சாய்த்தாலும் அவற்றுக்கு வானம் கிடையாது.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும், மருந்து விடாத கண்ணை மேலே கொடுத்துத் தலையைச் சாய்த்தேன். உயரத்தில் ஒரு புள்ளி! "பருந்து!" என்று கத்தியேவிட்டேன். தெருவில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.