முப்பத்தொன்றாம் தேதியும் கோதண்டம் மாமாவும்

நைனா போன் செய்தபோது நான் பொன்னேரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "கோதண்டம் மாமா போயிட்டாருடி" என்றார். "எங்க, மீஞ்சூருக்கா?" என்றேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்றைக்கும் அது முந்திக்கொண்டது. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். என் அம்மாவின் அண்ணன் எங்கேயும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஆனாலும் இது ரொம்ப அதிகம்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் மாமாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் குரலைக் கேட்காத காது கிடையாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர், வேலை போனதும் ஊரோடு வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஏரியில் வலை போட எங்களுக்கு முறை உண்டு, பாடு என்போம். வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று செட்டு. ஒரு நாளைக்கு ஒரு செட்டு. யார் பாடு என்று தினமும் கரையில் நடந்த ரகளைக்கு முடிவு கட்டுகிறேன் பேர்வழி என்று, சங்கத்து அறையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்துக் கம்பத்து ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டார். சாயங்காலமானால் அவர் பதிவு செய்து வைத்த குரல் தானாகவே பேசும்: "நாளிக்குப் பாடு தெற்கு செட்டு. லேட்டா வராதீங்க, ஏரி உங்களுக்காகக் காத்துக்கினு இருக்காது."

அவரைக் கிடத்தியிருந்த அன்றும் பேசியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அத்தை மாமாவைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். "இப்பக்கூட வாய மூட மாட்டியாயா நீ?" என்று கேட்டுவிட்டு, அதுவரை வராத அழுகையெல்லாம் அழுதார்.

அந்தக் கம்ப்யூட்டர் எப்போது பேச வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதி வைக்கலாம். வரியில் ஐந்து இடம்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. எதுவானாலும் பரவாயில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஐந்திலும் நட்சத்திரம் போட்டால் ஓட்டல் வராது. நிமிடத்துக்கு ஒரு தடவை கத்தும். மாமா இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு என் கை சும்மா இருக்குமா? "கோதண்டம் மாமா, டீ ஆறுது" என்று என் குரலைப் பதிவு செய்து, அஞ்சு நட்சத்திர அந்தஸ்தும் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஓடிவந்து நிறுத்துவதற்குள் ஊருக்கே டீ ஆறிப்போனது. மாமா திட்டவில்லை. திங்கட்கிழமை விடிகாலையில் கம்பம் அலறியது: "தீபா, எழுந்திருடி, பல்லு தேய்." கிழமை இடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை என்று போட்டிருந்தார். சனி ஞாயிறு என் பல்லுக்கு விடுமுறை.

கோளாறு பாடு வரியில்தான் இருந்தது. செட்டுக்கு ஒரு வரி; ஒவ்வொன்றிலும் தேதி இடத்தில் 'மூன்று நாளுக்கு ஒரு தடவை' என்று எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் நாளை எண்ணாது, தேதியைத்தான் பார்க்கும். ஒன்றாம் தேதி ஆரம்பிக்கிற செட்டின் வரி ஒன்று, நான்கு, ஏழு என்று போய் முப்பத்தொன்றில் ஒரு தடவை பேசும். மறுநாள் ஒன்றாம் தேதி; கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதே செட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு பாடு!

"மாமா, இது மாசக் கடைசில ஒதைக்கும்" என்றேன்.

"வரி சரிதாண்டி. மாசந்தான் தப்பு. எவன் முப்பத்தொண்ணுன்னு வெச்சான்?"

"அவனத் தேடிப் புடிக்கறதுக்குள்ள வரிய மாத்திடலாமே?"

"எனக்குத் தெரியும், போடி."

இதுதான் அவர். தன் தப்பை ஒப்புக்கொள்வதை விடக் காலண்டரைத் திருத்துவது அவருக்குச் சுலபம். ஆனால் இரண்டு வருடமாக மாதக் கடைசியில் ஒரு ரகளையும் நடக்கவில்லை. என் கணக்குத்தான் தப்போ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் போன மாதத்தின் முப்பத்தொன்று வந்தது. சாயங்காலம் "வடக்கு செட்டு" என்றது ஸ்பீக்கர். மறுநாள் சாயங்காலமும் "வடக்கு செட்டு." வடக்கு, மாமாவின் சொந்த செட்டு. நடு செட்டு ஏழுமலை அண்ணன் தோளில் வலையோடு சங்கத்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"செத்தும் தன் ஆளுங்களுக்கே பாடு வுடறான் பாரு! உயிரோட இருக்கசொல்ல இன்னா இன்னா பண்ணானோ?"

கூட்டம் கூடிவிட்டது. பொட்டியைத் தூக்கி ஏரியில் போடு என்றது ஒரு குரல். அத்தை ஓரமாக நின்று புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். காரியம் முடிந்து சில நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மாமாவுக்குத் திருடன் என்று பெயர் வைத்துவிடுவார்கள் போலிருந்தது. எனக்கு எரிச்சல் ஏழுமலை அண்ணன் மேல் வரவில்லை, மாமா மேல்தான் வந்தது. சொன்னேனா இல்லையா?

"ண்ணா, இந்த ரெண்டு வருசத்துல முப்பத்தொண்ணு வந்த மாசம் எத்தினியோ இருக்கும். ஒரு தடவையாச்சும் ஒரே செட்டு ரெண்டு நாள் போச்சா?"

யோசித்தார். "இல்ல."

"தானா வுட்டா இந்த வரி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பேசும். மாசத்த எந்த செட்டு ஆரம்பிக்குதோ அதுக்கே ரெண்டு. அப்ப யாரோ வந்து அடுத்த மாசத்துக்கு மாத்தி வெச்சிருக்கணும்ல? இந்த ரூம் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

அத்தைதான் வாயைத் திறந்தார். "மாசக் கடைசின்னா சோத்த பாதில வெச்சிட்டு எழுந்து பூடுவாரு. கேட்டா சின்ன வேலம்பாரு. நான் குடிக்கத்தான் போறாருன்னு நெனச்சு, ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துக்கூடப் பேச மாட்டேன்."

ஏழுமலை அண்ணன் வலையைத் தோளிலிருந்து இறக்கினார். "அடப்பாவி, சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

நானும் அதையேதான் கேட்கிறேன். ஒரு வரியை மாற்றினால் தீர்கிற விஷயம். என்னிடம் தோற்கக் கூடாது என்பதற்காகச் சோற்றை விட்டு எழுந்து போய், மூன்று செட்டுக்கும் எண்ணைத் தள்ளி எழுதி, வீட்டில் குடிகாரப் பட்டமும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். இப்படி ஒரு மனிதரை என்னதான் செய்வது?

அப்போதே ஒவ்வொரு செட்டிலிருந்தும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலையை முடித்தேன். இனி அது தேதியைப் பார்க்காது, நாளை எண்ணும். மாதம் எத்தனை நாளில் முடிந்தாலும் முறை தவறாது. "கொரலு?" என்று கேட்டேன். "அது இருந்துட்டுப் போவட்டும்" என்றார் ஏழுமலை அண்ணன். ஓடவிட்டேன். "நாளிக்குப் பாடு நடு செட்டு. லேட்டா வராதீங்க…" அவர் கம்பத்தை நிமிர்ந்து பார்த்து, "வரேன்யா, கத்தாத" என்றார். அத்தை சிரித்துவிட்டார்.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழைய வரியை. அழிக்கக் கை போகவில்லை. முன்னால் ஒரு குறி போட்டு, ஓடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்கு மேலே, 'இது தப்பு மாமா' என்று எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். அவர் இருந்திருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்.