சன்னாசி அண்ணனின் கட்டைவிரல்

சன்னாசி அண்ணனின் கட்டைவிரலை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் இரும்புத் தகடுகளுக்குப் பெயிண்ட் சாயம் அடிக்கும் தொழிற்சாலையில் எங்களுக்கு வேலை. அச்சிலிருந்து வரும் தகடு எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அண்ணன் பிசுக்கைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் துடைப்பார், காய்ந்த துணியால் மறுபடி துடைத்துக் கொக்கியில் மாட்டுவார். சாயம் அடித்து, அடுப்பில் சுட்டு வருவதைப் பார்த்து எடுப்பது என் வேலை.

அண்ணன் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்த ரப்பர் பால்மரங்களை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டபோது சனங்களைக் கிளப்பிவிட்டார்கள். இளந்தாரியாக ஈப்போவுக்கு வந்தவர் இந்த மேசையிலேயே நரைத்துப் போனார். கம்பெனி கொடுத்த ரப்பர் கையுறை தின்னர் பட்டால் ஊறிப் பொதபொதவென்று வீங்கிக் கிழியும். "நம்ம அப்பன் ஆத்தா வெட்டுன பாலு இதுக்குத் தாங்காது லா" என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் துடைப்பார். வேறு உறை கேட்டோம். பார்ப்போம் என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், பாவிகள். அவருடைய உள்ளங்கை வெளுத்து வெடித்து, விரல் நுனியில் ரேகை தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது.

போன வருடம் வாசலில் கைரேகை மெஷின் வைத்தார்கள். கட்டைவிரலை வைத்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. அண்ணன் வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தார், மறுபடியும் சிவப்பு. நேரத்துக்கு வந்து நின்ற மனுசனுக்கு லீவு போட்டார்கள். ஆபீஸில் இருக்கும் மெஹ்ரீன் நல்ல மனசுக்காரி. "காஞ்ச விரலு அதுக்குப் புடிக்காது அண்ணே. தலையில தேய்ச்சிட்டு வைங்க" என்றாள். தேங்காய் எண்ணெய் வழிய வாரிய தலை. தேய்த்து வைத்தார், பச்சை எரிந்தது.

அன்றுமுதல் அதுவே பழக்கமாகிவிட்டது. டீக்குப் போய்வந்தாலும் விரல் வைக்க வேண்டும், அப்போதும் தலையில் ஒரு தேய். அந்தக் கையோடு வந்து, டீக்கு முன்னால் துடைத்து வைத்த தகடுகளை எடுத்து மாட்டுவார். விரலின் எண்ணெய் தகட்டில் ஒட்டுமே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சாயம் ஒட்டாமல் தகட்டின் ஓரத்தில் குழி குழியாக வந்தது, விரல் பட்ட இடத்தில் விரல் அளவுக்கு. வாங்கியவன் ஒரு லாரி சரக்கைத் திருப்பி அனுப்பினான். சூப்பர்வைசர் ரூபன் தகட்டைப் பார்த்தான், பிறகு அண்ணனின் தலையைப் பார்த்தான். அண்ணன் மெஷின் சங்கதியைச் சொன்னார். நானும் கத்தாத குறையாகச் சொன்னேன். மெஷின் ஆபீஸ் விஷயம், எனக்குச் சாயம்தான் முக்கியம், இனி எண்ணெய் வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றான் ரூபன்.

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. ஐம்பத்தேழு வயதில் இந்த வேலையும் போனால் எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? அண்ணன் எண்ணெய் வைப்பதை விட்டார். தலையைச் சோப்புப் போட்டு அலசி, பரட்டையாக வந்து நின்றார். தகட்டில் குழி விழுவது நின்றது. மெஷின் சிவப்பையே காட்டியது. நாள் முழுக்க என் கண்ணெதிரே துடைத்துக்கொண்டிருந்தவரை, வரவே இல்லை என்று அது சொன்னது. நான் சாட்சி என்று போய் நின்றேன். மெஷின் சொல்வதுதான் கணக்காம். மாதக் கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். திரும்பி வந்த லாரியின் கோபம்தான் அது, யாருக்குத் தெரியாது?

வேலையை விட்டு எடுத்ததற்குச் சம்மதம் என்று காட்டவும் அதே மாதிரி மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். துணைக்கு நானும் ஆபீஸுக்குப் போயிருந்தேன். வைத்தார். சிவப்பு.

மெஹ்ரீன் நிமிராமலே சொன்னாள். "தலையில தேய்ச்சிட்டு வைங்க அண்ணே."

"எண்ணெய விடச் சொன்னாங்க மா, விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. மேசை டிராயரைத் திறந்து, தான் கைக்குப் பூசும் கிரீமை எடுத்து அவர் விரலில் தடவிவிட்டாள். வெடித்த அந்தக் கையில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் மருந்து மாதிரி எதையாவது தடவியது அன்றைக்குத்தான்.

உடனே பச்சை விளக்கு எரிந்தது.