ஐஸ் ரூமில் ஒரு சர்வர்

கட்டுமாவடியில் கம்ப்யூட்டருக்கு ஆயுசு கம்மி. உப்புக்காற்று உள்ளே புகுந்து இரும்பை அரித்துவிடும், செம்பைப் பச்சையாக்கிவிடும். நான் கணக்கு பார்க்கும் இறால் கம்பெனிக்கு வந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்று போகும்போதும் முதலாளி என்னைத்தான் முறைப்பார், ஏதோ நான்தான் வீட்டிலிருந்து உப்பைக் கொண்டுவந்து கொட்டியதுபோல.

போன வருடம் மிச்சமிருந்த ஒன்றும் படுத்துவிட்டது. எந்தப் படகிலிருந்து என்ன வந்தது, எந்த லாரியில் எது ஏறியது, பில், வரி எல்லாம் அதில்தான். நல்லவேளை, தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த முறை கணக்கையெல்லாம் சேமித்து வைக்க ஒழுங்கான சர்வர் ஒன்றும், நான் உட்கார்ந்து வேலை பார்க்க என் மேசைக்கு வொர்க்ஸ்டேஷன் ஒன்றும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். முதலாளி பல நாள் யோசித்தார். பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“வாங்குவோம்த்தா. ஆனா இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா இங்க கம்ப்யூட்டரும் கெடையாது, அதுக்கு ஒரு ஆளும் கெடையாது. எல்லாத்தையும் திருச்சியில ஆடிட்டர்கிட்ட கொடுத்துருவேன். சரியா?”

சரி என்றேன். வேறென்ன சொல்வது? என் வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலையை விட்டு இடுப்பு வலியோடு திரும்பி வந்து வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. அறந்தாங்கியில் எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிகிறது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் திருச்சியிலிருந்து இன்ஜினியர் இரண்டையும் கொண்டுவந்து இறக்கினார். சர்வரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பாக, கனமாக, பார்க்கவே மரியாதையாக இருந்தது. அவருக்கு வேறு ஊரில் வேலை. “வெயில் படாம, குளிர்ச்சியான எடமா பாத்து வைங்க சார். நாளைக்கு வயரை மாட்டி ஆன் பண்ணிட்டு மேடத்தைப் போன் பண்ணச் சொல்லுங்க. மிச்சத்தை அங்கிருந்தே பாத்துக்கறேன்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டேன். அங்கேதான் வினை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். அதற்குள் ஆன் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. நான் போனபோது ஆபீஸ் வாசலில் மாவிலை கட்டியிருந்தது. முதலாளியின் மனைவி தட்டில் தேங்காய், பழம், கற்பூரத்தோடு வந்திருந்தார். என் மேசையில் வொர்க்ஸ்டேஷன் இருந்தது. சர்வர் மேசை மட்டும் காலி.

“சர்வர் எங்கங்க?”

முதலாளி முகத்தில் அப்படி ஒரு பெருமை. “குளிர்ச்சியா வைக்கச் சொன்னாருல்ல? இந்த ஜில்லாவுலயே நம்ம ஐஸ் ரூமை விட குளிர்ச்சியான எடம் எதுத்தா? ராத்திரியெல்லாம் அங்கதான் இருக்கு.”

உடனே வெளியே எடுத்துவரச் சொன்னேன். இரண்டு பேர் போய் ஐஸ் ரூமின் தடித்த கதவைத் திறந்து, இறால் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் அதற்கு வேர்க்க ஆரம்பித்தது. கறுப்புத் தகடு முதலில் வெள்ளை பூத்தது, பிறகு முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது, பிறகு குங்குமம் கரைந்து மேசையில் சொட்டியது. வெளியே இப்படியென்றால் உள்ளே என்ன கதியோ.

இன்ஜினியருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும், “ஐஸ் ரூம்னா... ஏசி ரூமுங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. இறால் வைக்கிற ஐஸ் ரூம்.”

“மேடம், ஆன் பண்ணிடாதீங்க! உள்ள ஈரத்தோட கரண்ட் போனா போர்டு போயிரும். நாளைக்கு வரைக்கும் தொடாதீங்க. நல்லாக் காயட்டும்.”

போனை வைத்தேன். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி சமாதானமாகத்தான் ஆரம்பித்தார்.

“ஒரே ஒரு தட்டு தட்டிட்டு ஆஃப் பண்ணிரும்மா. சாங்கியத்துக்குத்தான்.”

“அந்த ஒரு தட்டே போதுங்க, எல்லாம் போயிரும்.”

“ஐஸ்ல வச்ச எறா என்னைக்காச்சும் கெட்டுப்போயிருக்கா?”

“எறாலுக்கு நாம கரண்ட் குடுக்குறது இல்லையேங்க.”

வாசலில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் முதலாளிக்குச் சுருக்கென்று தைத்தது. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று அவரே வயரை எடுக்க வந்தார். அந்த சர்வருக்கு இரண்டு வயர்கள். இரண்டையும் சுருட்டி என் சாப்பாட்டுப் பைக்குள், புளிசாத டப்பாவுக்கு மேலே திணித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததென்று தெரியவில்லை.

கற்பூரத் தட்டோடு நின்ற முதலாளியின் மனைவிதான் பேச்சை முடித்தார். “எனக்குக் கை வலிக்குது. அந்தா மேசையில இன்னொண்ணு இருக்குல்ல, அதைப் போடுங்க. ரெண்டும் புதுசுதானே?”

வொர்க்ஸ்டேஷனை நல்ல நேரத்துக்குள் ஆன் செய்தோம். திரை வெளிச்சமானது. கற்பூரம் காட்டினார்கள். முதலாளி மட்டும் கும்பிடவில்லை. “நாளைக்கு இது ஓடலைன்னா நான் சொன்னது சொன்னதுதான்” என்று சர்வரைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்குப் பஸ்ஸில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “ஐஸ் ரூம்ல வச்சது அவரு, வேலை போறது ஒனக்கா?” என்று கோபப்பட்டார். நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன ஆக்கிப் போடுவது?

சனிக்கிழமை போனபோது ஆபீஸ் கதவு திறந்திருந்தது. சர்வர் மேசைக்கு முன்னால் முதலாளியின் சொந்தக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அறைக்குள் வேறு யாரும் அதைத் திருப்பிக்கூட வைக்க முடியாது. முதலாளி சட்டை நனைய வேர்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“காஞ்சிருச்சு. தொட்டுப் பாரு.”

தொட்டேன். தடவினேன். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரமில்லை. போனில் இன்ஜினியரும் சரி என்றார். பையிலிருந்து வயர்களை எடுத்து மாட்டினேன். புளிசாத வாசனை அடித்தது. விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனபோது எதிரே தினசரிக் காலண்டர் கண்ணில் பட்டது. சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். விரல் நகரவே மாட்டேன் என்றது. சும்மா நாளாக இருந்தால் தட்டியிருப்பேன். இதில் தொங்குவது என் வேலை.

“முதலாளி, பத்தரைக்கு மேல போடலாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “நேத்து என் நல்ல நேரத்தைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தே. இன்னைக்கு ஒனக்கு நேரம் பாக்கணுமாக்கும்!”

ஆனால் தட்டச் சொல்லவில்லை. டீ வரவழைத்தார். ராகு காலம் முடியும்வரை இரண்டு பேரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம்.

பத்தரை தாண்டியதும் பொத்தானை அழுத்தினேன். உள்ளே காற்றாடிகள் போட்ட சத்தத்தில் முதலாளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சத்தம் மெல்லத் தணிந்தது. பச்சை விளக்கு எரிந்தது, அணையவில்லை. இன்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல மிச்சத்தைச் செய்து, நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கை மாட்டினேன். பழைய கணக்கெல்லாம் ஒவ்வொன்றாக என் திரையில் வந்து நின்றன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கீபோர்டைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

முதலாளி எழுந்து தன் காற்றாடியைத் தூக்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார்.

“ஐஸ் ரூம் என் பொறுப்பு. இந்த ரூம் ஒன் பொறுப்பு. இனிமே எதுவானாலும் ஒன்னையக் கேக்காம இங்க ஒருத்தன் கை வைக்கமாட்டான், என்னையும் சேத்து.”

“சரிங்க முதலாளி” என்றேன். அவர் போன பிறகு, அன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பதினொரு மணிக்கே எடுத்துச் சாப்பிட்டேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை.