கேணலின் கோட்டில் நான் தைத்த உபயம்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதன் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'உபயம்' என்றும், அதன் கீழே ஒரு பழைய மாணவருடைய பெயர், பட்டம், கொழும்பில் அவர் பார்த்த உத்தியோகம் எல்லாமும் எழுதியிருந்தன. மணி பார்க்க வேண்டுமென்றால் அந்த எழுத்துகளுக்கு இடையில் முள்ளைத் தேட வேண்டும். வாங்கு, மேசை, மின்விசிறியின் மூன்று இறக்கைகள் என்று ஒன்றும் தப்பவில்லை. எங்களுக்கு அது பகிடியாகத் தோன்றியதே இல்லை. கொடுத்தவருடைய பெயரைப் போடாமல் விட்டால் அதுதான் மரியாதைக்கேடு. இந்தப் பழக்கத்தை நான் டென்மார்க்குக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

வதிவிட அனுமதி கிடைத்ததும் என்னை ஹொல்ஸ்டெப்ரோவில் குடியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் தையற்காரனாக இருந்தவன் என்று சொன்னேன். கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்துப் பெண் உடனே என்னை ஊருக்கு வெளியே இருந்த இராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியின் தையல் அறைக்கு அனுப்பினாள். பச்சை உடுப்பைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடிப் பழகியவன் நான். முதல் வாரம் முழுக்க, மாணவர்கள் எதிரே வந்தால் பாதையை விட்டுப் புல்லில் இறங்கி நின்றேன். அவர்கள் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மனைவியும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம் அமைச்சில் கிடந்தது. பிறகு பத்திரிகைகளில் 'தமிழர் வழக்கு' என்று பெரிதாக அடிபட்ட ஆண்டுகள் அவை. எங்கள் கோப்புகளை வேண்டுமென்றே தூங்க வைத்திருந்தார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தபால் தாமதம், என் கையெழுத்துச் சரியில்லை, படம் மங்கல் என்று எங்களை நாங்களே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். படிவம் நிரப்பியதெல்லாம் மொழிபெயர்ப்பாளர்தான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

தையல் அறையின் பொறுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அந்தப் பள்ளியில் படித்து வெளியேறிய அதிகாரிகளுக்கு ஒரு சங்கம் இருப்பதாக அவர்தான் எனக்குச் சொன்னார். வருடாவருடம் அவர்கள் பணம் போடுகிறார்கள். கணக்குப் பாடத்தில் பின்தங்கியவனுக்கு மேலதிக வகுப்பு, தகப்பன் சாகக் கிடக்கிறவனுக்கு ரயில் ரிக்கெற், கண்ணாடி உடைந்தவனுக்குப் புதுக் கண்ணாடி எல்லாம் அந்தப் பணத்தில்தான். என் அரைநாள் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. அன்றாடச் சீருடை அரசாங்கத்துடையது. ஆனால் படிப்பு முடிந்து அதிகாரியாகும் நாளில் அணிவகுப்பில் போடும் விழாக்கோட்டை அவரவர் சொந்தமாகத் தைப்பிக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவனுக்குப் பழைய மாணவர் யாராவது தம்முடைய கோட்டைக் கொடுப்பார். அதைப் பிரித்து, அளவு மாற்றி, புதிது போலத் தைப்பது என் வேலை.

பழைய மாணவர் சங்கம் என்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. அவர் தொடர்ந்து வேகமாக ஏதோ சொன்னார். பாதி விளங்கவில்லை. விளங்காத இடங்களிலும் நான் "யா, யா" என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் பிறகு என் மூக்கை உடைத்தது.

அந்த வருடம் கோட்டுக் கேட்டிருந்தவன் ஒருவன் மட்டும். வடகடற்கரை மீனவர் ஒருவருடைய மகன். ஒடுங்கிய தோள், நீண்ட கை. அளவெடுக்கும்போது "நன்றி" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. கோட்டைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு கேணல். அவரே நேரில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார். நல்ல கம்பளித் துணி. நான்கு நாள் மினக்கெட்டு அதைப் பிரித்துத் திருப்பித் தைத்தேன். பழையது என்று சொன்னவனை நான் கடித்திருப்பேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் கேணலின் பெயர் எங்கும் இல்லை. இவ்வளவு விலையுள்ள பொருளைக் கொடுத்த மனிதனுக்கு ஒரு வரிகூடவா இல்லை என்று எனக்கு மனம் கேட்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, இன்னொரு நினைப்பும் இருந்தது. கேணல் என்றால் பெரிய இடம். அவர் தன் பெயரைக் கண்டு மகிழ்ந்து, யார் தைத்தது என்று விசாரித்து, அமைச்சில் யாரிடமாவது என் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? அதற்கான டேனிஷ் வசனத்தை எழுதி மனப்பாடம்கூடச் செய்து வைத்திருந்தேன்.

என்னோடு வீட்டில் ஒரு அண்ணை இருந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஊரில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். 'உபயம்' என்பதை டேனிஷில் எப்படி எழுதுவது என்று அவரிடம் கேட்டேன்.

"உதுக்கேன் தம்பி யோசிக்கிறாய்? இவங்கட சொல்லுப் பாதி இங்கிலிஷ்தானே. கிஃப்ற் எண்டு போடு. ஆருக்கும் விளங்கும்."

வெள்ளை நாடாவில் சிவப்பு நூலால், 'கிஃப்ற்' என்றும் அதன் பின்னால் கேணலின் முழுப் பெயரும் முத்து முத்தாகத் தைத்துக் கழுத்துப்பட்டியின் உள்பக்கத்தில் பொருத்தினேன். பெருமையோடு தூக்கி மாட்டினேன்.

வியாழக்கிழமை கடைசி அளவு பார்க்கும் நாள். இருபத்திரண்டு கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. கொழுவிகளில் இலக்கம் மட்டும்தான், பெயர் இல்லை. ஒரு மாணவன் தன்னுடையது என்று நினைத்துப் பக்கத்துக் கோட்டை எடுத்தான். கழுத்தைப் பார்த்தான். பிறகு உரத்து வாசித்தான். அறையே அதிர்ந்தது. ஒருவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்து செத்தவன் போல நடித்தான். இன்னொருவன், "இல்லை, இல்லை, கேணல் கல்யாணம் செய்துவிட்டார்!" என்று கத்தினான். எனக்கு ஒன்றும் புரியாமல் நானும் சேர்ந்து பல்லைக் காட்டினேன்.

டேனிஷில் கிஃப்ற் என்றால் நஞ்சு. கல்யாணமானவர் என்றும் பொருள். அன்பளிப்புக்கு 'கேவ' என்று வேறு சொல் இருக்கிறது. இதெல்லாம் பொறுப்பாளர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் கண்டது ஒன்றைத்தான். "யாருடையது இந்த நஞ்சு? யாருக்குக் கேணல் கொடுத்தார்?" என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்தபோது, மீனவர் மகனும் அவர்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. தன் கோட்டைத் தொடாமலே வெளியே போனான்.

எல்லோரும் போன பிறகு அவன் திரும்பி வந்தான். பொறுப்பாளரைப் பார்த்துத்தான் பேசினான். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, மெதுவாகப் பேசினான்.

"அப்பாவின் படகு ஏலத்தில் போனது ஊருக்கே தெரியும். இங்கே ஒருவனுக்கும் தெரியாது. அந்தக் கோட்டை நான் போட மாட்டேன். புதன்கிழமைக்கு முன்னர் வீட்டுக்குப் போகிறேன்."

புதன்கிழமை அணிவகுப்பு. அதில் நிற்காதவன் அதிகாரி இல்லை. இரண்டு வருடப் படிப்பு வீண்.

அவன் போனதும் பொறுப்பாளர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. முதல் நாள் சொன்னதையே ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னார். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், இரண்டும் இந்த அறையைத் தாண்டக்கூடாது. சங்கத்தின் முதல் விதியே அதுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாதாமாதம் பொலிஸ் நிலையத்துக்குப் போய், என் குடும்பத்தைப் பற்றிக் கடிதம் வந்ததா என்று கேட்கிறவன் நான். எனக்குப் பின்னால் நிற்கும் சனத்துக்கு என் வீட்டுக் கதை கேட்குமே என்று குரலைத் தாழ்த்துகிறவன். அந்தப் பெடியனின் வீட்டுக் கதையை அவன் கழுத்தில் நான் சிவப்பு நூலால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நான் எழும்பி வெளியே ஓடினேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதையும் அங்கே செலவழித்தேன்.

"நீ போகாதே. செவ்வாய் வா. நான் பிழை. நான் திருத்துவது."

அவன் தோளைக் குலுக்கினான். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

நாடாவைப் பிரித்தால் ஊசித்துளை தெரியும். அந்தக் கோட்டின் கழுத்து உள்துணியை மட்டும் மாற்றினால் புதுத்துணியே காட்டிக்கொடுக்கும். ஆகவே இருபத்திரண்டு கோட்டுகளின் கழுத்தையும் பிரித்து, ஒரே துணியால், ஒரே நூலால் தைப்பதென்று முடிவு செய்தேன். பொறுப்பாளரிடம் சொன்னபோது, அவை மாணவர்களின் சொந்த உடைமைகள், காரணமில்லாமல் கை வைக்க முடியாது என்றார். நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, 'அணிவகுப்புக்கு முன் எல்லாக் கோட்டுகளுக்கும் கழுத்துத் துணி மாற்ற வேண்டும், அழுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சனி, ஞாயிறு வேலை செய்ய அறைத் திறப்பையும் தந்தார். எது யாருடையது என்று பிடிபடாமல் கொழுவி இலக்கங்களைத் தானே மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

வீட்டுக்குப் போய் அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன்.

"இருபத்திரண்டோ? உனக்கென்ன விசரே தம்பி? அவன் ஆமிக்காரன். நாளைக்கு அவனும் துவக்குத் தூக்கிறவன்தான். அவனுக்காக நீ ஏன் சாகிறாய்?"

"அண்ணை, கிஃப்ற் எண்டு சொன்னது ஆர்?"

"சரி சரி, வாறன். பிரிக்கிறதை நான் பிரிக்கிறன். தைக்கத் தெரியாது" என்றார்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். தொழிற்சாலையில் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்த கை அண்ணையுடையது, நூலையும் துணி நோகாமல் பிரித்தது. நான் பின்னால் தைத்துக்கொண்டே போனேன். இயந்திரத்தில் ஓட்டினால் வளைவில் சுருக்கம் விழும் என்பதால் எல்லாம் கைத்தையல். ஞாயிறு மத்தியானம் விரல் நுனி வீங்கிவிட்டது. அண்ணை அதில் பிளாஸ்ரர் சுற்றிவிட்டார். பதினேழாவது கோட்டில் எனக்கே அலுத்து, இனிப் போதும், யாரும் இவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. அப்போது அந்தப் பெடியனின் சிவந்த காது ஞாபகம் வந்தது. மிச்சம் ஐந்தையும் முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். பையை முதுகில் மாட்டியிருந்தான், ரயிலுக்கு ஆயத்தமாக. நான் வரிசையைக் காட்டினேன்.

"தேடு. கண்டால் போ."

முதலில் கோபத்தோடு கழுத்துகளைத் திருப்பினான். பிறகு நிதானமாக, ஒவ்வொன்றாக. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரலால் தடவினான். கடைசிவரை போய் மறுபடி முதலிலிருந்து வந்தான். கடைசியில் பையைக் கழற்றி நிலத்தில் வைத்தான்.

"என்னுடையது எது?"

"போட்டுப் பார்" என்றேன்.

ஒன்று பெரிது, அடுத்ததில் கை கட்டை. நாலாவது சரியாகத் தோளில் விழுந்தது. கண்ணாடிக்கு முன்னால் அவன் நின்ற நேரத்தில் நான் நூல் தேடுவது போல முதுகைக் காட்டிக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்க்கத் தேவையில்லை.

புதன்கிழமை நல்ல காற்று. இருபத்திரண்டு பேரும் மைதானத்தில் நின்றார்கள். நாங்கள் வேலையாட்கள் ஓரமாக நின்றோம். பழைய மாணவர்கள் வாங்குகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழும்பி என்னிடம் வந்தார். கேணல்தான். டேனிஷில் யாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள், கேணலையும்தான், ஆனால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. அவர் என்னை அடையாளம் கண்டு மறுபடி கை குலுக்கினார்.

"நீதானே தைத்தவன்? என் கோட்டு எவனுடைய உடம்பில் இருக்கிறது?"

இரண்டாம் வரிசை, இடப்பக்கத்திலிருந்து மூன்றாமவன். கண்ணை மூடிக்கொண்டும் நான் காட்டுவேன். காட்டினால் அவர் மகிழ்வார், என் கையை விட மாட்டார், நான் யார், எங்கிருந்து வந்தவன் என்று கேட்பார். மனப்பாடம் செய்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. லொட்ஜ் அறை யன்னலில் மகள் நிற்பது தெரிந்தது. கோட்டைக் காட்டித்தான் அதைக் கேட்க முடியும். காட்டாமல் கேட்க எனக்குத் துணிவும் இல்லை, அவர் அதற்கு நேரம் தரவும் இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

டேனிஷில் நான் ஒரு பிழையும் விடாமல் சொன்ன முதல் வசனம் அது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், தலையசைத்தார், தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். மீனவர் மகன் எங்களைக் கடந்து அணியோடு நடந்தான். என் பக்கம் பார்க்கவே இல்லை.

மனைவியும் மகளும் வந்து சேர மேலும் இரண்டு வருடங்கள் பிடித்தன. மகளுக்கு என்னைத் தெரியவில்லை. விமான நிலையத்தில் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வந்த முதல் கிழமையில் இந்தக் கதையை நான் மனைவிக்குச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்டைக்கு அந்த மனுசனிட்டைக் காட்டிக் கேட்டிருந்தால், நாங்கள் கெதியா வந்திருப்பமோ?"

"தெரியாது" என்றேன். இந்த முறை அது பொய் இல்லை.