சிரிப்போடு உள்ளே போன மல்லாட்டைத் தோல்

செஞ்சிப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மிஷினில் போட்டால் பருப்பு உடையும் என்று விதைக்கு மட்டும் கையால் உரிப்போம். விரல் நுனி எரிந்தால் பல்லால் கடித்து உடைப்பது எங்கள் வழக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், மாமியார் ரேஷன் கடையில் சண்டை போடுவதை என் ஓரகத்தி விஜயா அக்கா நடித்துக் காட்டினார். வாயில் மல்லாட்டையோடு சிரித்த எனக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்ததும் அடங்கிவிட, அதை மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் இருமல் பிடித்தது. மருந்தை நிறுத்தினால் காய்ச்சலோடு திரும்பி வரும். காசநோயோ என்று பயந்து பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "எப்பவாவது புரையேறுச்சா?" என்று கேட்டபோதும் இல்லை என்றேன்.

துணைக்கு வந்த அக்காதான், "இன்னாடி இல்லன்ற, அன்னிக்கு மல்லாட்டை உரிக்கும்போது ஏறுச்சே" என்றார்.

மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு எடுத்தார்கள். நகம் அளவு தோல். இருமலும் அதோடு போனது.

இப்போது விரல் எவ்வளவு எரிந்தாலும் நான் பல்லில் வைப்பதில்லை. அக்கா தன் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு இல்லாமல் உரிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. விதைக்கும் பருவத்தில் போன் செய்வார். "வாயில இன்னா வச்சினு கீற?" என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன பிறகே அக்காவின் குரலில் மாமியார் ரேஷன் கடைக்குக் கிளம்புவார்.