யாரும் கட்டாத புடவை

அத்தை செத்த அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஜெஞ்சாரோமில் அத்தை வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "பாவம், அத்த மேல எவ்ளோ பாசம்" என்று ஒரு ஆன்டி என் தலையைத் தடவிவிட்டார். பாசமாவது மண்ணாங்கட்டியாவது. நான் அழுதது அத்தையின் உடம்பில் சுற்றியிருந்த புடவைக்காக.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் கிள்ளான் வீட்டில் எந்த முடிவும் ஜெஞ்சாரோமுக்குப் போன் போட்ட பிறகுதான் எடுக்கப்படும். எஸ்.பி.எம். பரீட்சை முடித்த கையோடு ஃபேஷன் காலேஜுக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும் அப்பா போட்டார் போன். ஸ்பீக்கரில் அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "தைக்கிறதுக்கு என்னாடா காலேஜு? சட்டி கழுவ யுனிவர்சிட்டி இருக்கான்னு கேளு, அதுக்கும் அனுப்பு. கறுப்பா குட்டையா இருந்துக்கிட்டு ஃபேஷனாம்!" அப்பாவும் கூடச் சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் குழம்பைக் கிண்டப் போய்விட்டார்.

நான் விடவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் பொம்மைகளுக்குப் புடவை கட்டினேன், பிறகு கல்யாணப் பெண்களுக்கு. கொசுவம் வைப்பதில் என் கைக்கு ஒரு பெயர் வந்தது. ஒன்றரை வருஷம் சாப்பாட்டு மேசையில் மல்லுக்கட்டி, கடைசியில் அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினேன். ஒரே ஒரு தடவை இண்டர்வியூவுக்குப் போகலாம். எடுத்துக்கொண்டால் படிக்கலாம். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு கிள்ளானிலேயே அக்கௌண்ட்ஸ் சேர வேண்டும், அத்தை பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்தால் காப்பி கொடுக்க வேண்டும். ஆக, எனக்கு இருந்தது ஒரு வாய்ப்புதான்.

காலேஜில் கேட்டது வரைந்த படங்களும், முழுக்க முழுக்க சொந்தமாகச் செய்த ஓர் உடையும். போட்டோ போதாது, கையில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் புடவை செய்ய முடிவெடுத்தேன். வெள்ளைப் பட்டை வாங்கி, கார் நிற்கும் இடத்தில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, உருக்கிய மெழுகால் கோடு போட்டு, பாத்தேக் முறையில் சாயம் தீட்டினேன். ஆறு கஜமும் சட்டத்தில் கொள்ளாது. ஒரு துண்டு காய்ந்த பிறகு அடுத்த துண்டை இழுத்துக் கட்ட வேண்டும். மழை வந்தால் அன்றைக்கு வேலை பாழ். அரக்குச் சிவப்பில் உடம்பு. முந்தானை நெடுகச் செம்பனை மட்டைகள், முள்ளோடு. அப்பா எண்ணெய் ஆலைக்கு லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறவர். அந்த மட்டையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதை விட்டு ரோஜாவையும் மயிலையும் வரைய எனக்கு என்ன தலையெழுத்தா?

பாதி முடிந்திருந்தபோது அத்தை வந்தாள். சட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "நல்ல பட்ட வாங்கி முள்ளு வரைஞ்சி வச்சிருக்கா பாரு. இத எவடி கட்டுவா?"

கொதிக்கிற மெழுகுச் சட்டி என் கையில் இருந்தது. அவள் பக்கம் திரும்பாமல் அடுத்த முள்ளுக்குக் கோடு இழுத்தேன்.

முடித்த பிறகு மெழுகை எடுத்து, அலசி, இஸ்திரி போட்டு மடித்து அலமாரியில் வைத்தேன். யாரையும் தொடவிடவில்லை. கடையில் கூட வேலை செய்த தோழி, "ஒருவாட்டி எனக்குக் கட்டிப் பாரேன், போட்டோ எடுக்கலாம்" என்று கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். நானும் கட்டிப் பார்க்கவில்லை. பட்டு ஒரு தரம் உடம்பில் ஏறினால் அதன் மடிப்பு வேறாகிவிடும். காலேஜ்காரர்கள் முன்னால்தான் அது முதன்முதலாகப் பிரிய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. திங்கட்கிழமை இண்டர்வியூ. அந்த இண்டேக்கில் ஆள் எடுப்பதற்கு அதுதான் கடைசி நாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போன் வந்தது. அத்தை குளியலறையில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாள்.

எங்களில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போக வேண்டும். கூடப் பிறந்தவர்கள் கொண்டுவருகிற புதுப் புடவையைக் கட்டித்தான் அவளை அனுப்புவார்கள். அத்தையைப் போலப் புருஷன் இருக்கும்போதே போகிறவள் என்றால் சிவப்புப் புடவை, பூ, குங்குமம் எல்லாம் உண்டு. ஒரு கட்டாயம், அந்தப் புடவையை அதுவரை யாரும் கட்டியிருக்கக் கூடாது. ஒருத்தி மேல் ஒரே ஒரு தரம் ஏறியிருந்தாலும் அது கோடிக்கு ஆகாது.

நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது அப்பா என் அலமாரியைத் திறந்து வைத்திருந்தார். புடவை அவர் கையில்.

"அப்பா! அது என் இண்டர்வியூ புடவ!"

"கட இன்னும் தொறக்கல லா. தொறந்து, வாங்கி, எப்ப போயிச் சேர்றது? சின்னவன் ஷா ஆலம்லேர்ந்து கெளம்பிட்டான். அவன் கோடியோட நிப்பான், மூத்தவன் நான் வெறுங்கையோட போயி நிக்கவா?"

"தாமதமா போனா என்ன? அத்த எங்கயும் ஓடிடப் போறதில்ல!"

கை ஓங்கினார். அடிக்கவில்லை. "இத மாதிரி ஒண்ண சின்னவன் கனவுலகூடப் பாத்திருக்க மாட்டான்" என்றார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைச் சொல்லிக்கொண்டே அவர் அதை எடுத்துப் போகிறார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "நான் அத கட்டிட்டேன்ப்பா. நேத்து கட்டிப் பாத்தேன். கோடிக்கு ஆகாது."

அப்பா நின்றார். புடவையை மெதுவாகக் கட்டில்மேல் வைத்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவருகே கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கட்டுனாளா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். வாழ்க்கையில் அந்தப் பெண்மணியிடம் நான் எதையும் அப்படிக் கேட்டதில்லை. என் ஸ்கூலுக்கு எத்தனை பொய் சொல்லியிருப்பார், காய்ச்சல் என்று, வயிற்றுவலி என்று. ஒரே ஒரு பொய். ஒரு தலையாட்டல் போதும்.

"இல்லங்க," என்றார் அம்மா. "மடிப்பு கலையாம அப்படியேதான் இருக்கு. சாவு காரியத்துல பொய் சொல்லக் கூடாதும்மா."

புடவை ஒரு தட்டில், வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சளோடு காரின் முன் சீட்டில் அப்பா மடியில் உட்கார்ந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வண்டி ஓட்டினான். நான் பின்னால் இருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அங்கே போனதும் எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. சித்தப்பா ஏற்கெனவே வந்துவிட்டார், கையில் கடைப் புடவை, சரிகை தகதகவென்று. இரண்டு கோடி வந்திருக்கிறது, கட்டுவது ஒன்றைத்தான். பெண்கள் உள்ளறையில் இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். என் புடவை முதன்முதலாகப் பிரிந்தது அங்கேதான், ஒரு பிணத்தின் கால்மாட்டில்.

"இது என்னாது, முள்ளாட்டம்?" என்றார் ஒருவர்.

பிடித்துக்கொண்டேன். "ஆமா ஆன்டி, முள்ளுதான். சாவுக்கு நல்லால்ல. சாயம் வேற போவும். அந்தச் சரிகதான் அத்தைக்கு எடுப்பா இருக்கும்." மாதக்கணக்கில் முதுகு ஒடியச் செய்ததை நானே குப்பை என்று கூவி விற்றேன். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தால் காறித் துப்பியிருப்பேன், புடவை பிழைத்திருக்கும். ரெண்டு பேர் சரிகைப் புடவையை எடுத்தும் விட்டார்கள்.

அத்தையின் மூத்த மகள் வந்து கெடுத்தாள். என் புடவையை முகத்தில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "அம்மாவுக்கு இதான் கட்டணும். மாமா பொண்ணு கையால செஞ்சது. கடப் புடவ எல்லாம் வேணாம்!" என்னைக் கட்டிப்பிடித்து, "எவ்ளோ பெரிய மனசு உனக்கு" என்றாள். அவளுக்குப் பின்னால் அம்மா நின்று தலையை ஆட்டினார். இப்போது மட்டும் ஆட்ட வருகிறது.

அதோடு விட்டார்களா? குளிப்பாட்டி முடித்ததும், "நீதான் கல்யாணப் பொண்ணுங்களுக்கெல்லாம் கட்டுறியே, நீயே கட்டி விடு" என்றார்கள். கட்டினேன். நாலு பேர் பிடித்துக்கொள்ள, நான் கொசுவம் வைத்தேன். கோபம் கண்ணை மறைத்தது, ஆனால் கை தப்பு செய்ய மறுத்தது. மட்டமாகக் கட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம், முடியவில்லை. முந்தானை முழுவதும் தெரிகிற மாதிரி மார்பின்மேல் விரித்துவிட்டேன். அழகாக இருந்தது. அது தாங்கவில்லை, வெளியே வந்து கூடாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஆன்டி தலையைத் தடவியது அப்போதுதான்.

பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். தலைமாட்டில் ஏறி நின்று, பக்கத்தில் குனிந்து, முந்தானைக்கு ஒன்று, கொசுவத்துக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. பிறகு பெட்டியை மூடினார்கள். எரியூட்டும் இடத்தில் இரும்புக் கதவு இறங்கியபோது மற்றவர்கள் "அம்மா, அம்மா" என்று கத்தினார்கள். பட்டு எரிந்தால் முடி பொசுங்குகிற வாசனை வரும். நான் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை கோலாலம்பூருக்கு ரயில் ஏறினேன். படங்கள் இருந்த பையைத் தவிரக் கையில் ஒன்றுமில்லை. போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் நானாகப் போகாமல் இருந்தேன் என்ற சந்தோஷத்தை அப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இண்டர்வியூ அறையில் முடியை ஒட்ட வெட்டிய ஒரு சீனப் பெண் லெக்சரர் இருந்தார். என் படங்களைச் சீட்டுக் கட்டு மாதிரித் தள்ளிவிட்டு, உடை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். எரிந்துவிட்டது என்றேன். எப்படி? அத்தை இறந்துவிட்டார், அவருக்குக் கட்டி அனுப்பிவிட்டோம்.

அவர் பேனாவை மூடினார். "ஒவ்வொரு இண்டேக்கிலும் யாராவது ஒருத்தர் செத்துவிடுகிறார்கள்," என்றார். "போன தடவை ஒரு பையனுக்கு மாமா. வெட்கமாக இல்லையா?"

எனக்கு வந்ததே கோபம். போனை எடுத்து, படத்தைத் திறந்து, அவர் மேசையில் வைத்தேன். பெட்டிக்குள் அத்தை, நெற்றியில் ஒரு நாணயத்தளவு குங்குமம், மூக்கில் பஞ்சு.

அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அத்தையின் முகம் திரையை விட்டு மேலே போய்விட்டது. துணி மட்டும் நின்றது.

"இங்கே மெழுகு வெடித்திருக்கிறது. துணியைச் சட்டத்தில் தளர்வாகக் கட்டியிருக்கிறாய்."

"ஆமாம்."

"கரையில் சாயம் ஊறிவிட்டது. அவசரம். இந்த மட்டையின் முள் மட்டும் சரியாக வந்திருக்கிறது, மற்ற மட்டைகள் சோம்பேறித்தனம்." அடுத்த படத்துக்குத் தள்ளினார். கொசுவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கட்டியது யார்?"

"நான்தான்."

"இறந்த பிறகா? கை நடுங்கவில்லையா?"

"இல்லை."

வேறொன்றும் கேட்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார், போகச் சொன்னார். பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் நடந்தே வந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் புடவையைப் பார்த்த அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் அதைப் புடவையாகப் பார்த்தார். என் அத்தையை விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம்தான் படிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் இடம் கிடைத்துவிட்டதாக இமெயில் வந்தது. அப்பா வாக்கு மாறவில்லை. கத்தரிக்கோல், அளவு நாடா, வெட்டுக் காகிதம் என்று வாங்க வேண்டிய சாமான்களுக்கு அவரே என்னை பாசாருக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று அத்தையின் கருமாதியன்றுதான் தெரிந்தது.

பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஆரம்பித்தார். "என் பொண்ணுக்கு காலேஜ் கெடச்சிருச்சு. எப்படிக் கெடச்சது தெரியுமா? அந்தக் கோடி! ஆசையா செஞ்சத எங்க அக்காவுக்குக் குடுத்தா. அக்கா சும்மா போவாளா? போறப்ப இவளுக்கு வழி காட்டிட்டுப் போயிட்டா. எல்லாம் அக்காவோட ஆசீர்வாதம்." அத்தையின் மகள்கள் கண்ணைத் துடைத்தார்கள். யாரோ கையெடுத்து அத்தையின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நானும் கும்பிடுவேன் என்று.

நான் இலையை மூடினேன்.

"அத்தையோட ஆசீர்வாதம் இல்லப்பா," என்றேன். "அத்தையோட பொணம். அதப் படம் புடிச்சுக் காட்டித்தான் எடம் வாங்குனேன்."

சாம்பார் வாளி வைத்திருந்த அங்கிள் அப்படியே நின்றுவிட்டார். அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அக்காவுக்காக அதுவரை அழாத மனுஷன், சோற்றுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு மனசு குளிர்ந்தது. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கை கழுவும் இடத்தில் அம்மா பின்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். குழாயை எனக்காகத் திறந்துவிட்டு, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒங்கத்த போயிட்டான்னு நெனச்சேன்," என்றார். "வீட்டுலயே இருக்கா."